இரண்டாவது தாங்கி

கண்டி
3.4.1983

அன்புள்ள தங்கச்சி தேவிக்கு,

சங்கக் கூட்டம் முடிந்ததும் நீ வீட்டுப் பக்கம் வராமல் நேரே பன்வில பஸ்ஸுக்குப் போய்விட்டாய் என்று செல்லச்சாமி வந்து சொன்னான். உன் மச்சாள் புட்டு அவித்து வைத்துக்கொண்டு பின்னேரம் வரை உன்னைப் பார்த்திருந்தாள். அதற்குப் பிறகும் நீ வரவில்லை. முகம் பார்த்துப் பேச மாட்டாய் என்றால் எழுதித்தான் ஆகவேண்டும்.

கூட்டத்தில் நடந்ததை நீ வேறு விதமாக விளங்கிக்கொண்டாய். சங்கத்தின் மருத்துவ பஸ் தேயிலைத் தோட்டங்களுக்குப் போகத் தொடங்கி இரண்டு வருஷமாகிறது. நீயும் தாதி திரேசாவும் கிழமை முழுவதும் அதற்குள்ளேதான் படுத்து எழும்புகிறீர்கள், சமைக்கிறீர்கள், நோயாளரையும் பார்க்கிறீர்கள். செல்லச்சாமி தன் சாரதி ஆசனத்துக்குப் பின்னால் படுக்கிறான். சில்லுப் பூட்டிய வீடு என்றே அதைச் சொல்லலாம். அந்த வீட்டில் ஒரேயொரு குளியலறைதான் இருக்கிறது. மருந்துக்கு வரும் தோட்டத்து லயத்துச் சனமும் அதைத்தான் பாவிக்கிறது. ஊழியருக்கென்று இரண்டாவது ஒன்று வேண்டும் என்று சங்கம் தீர்மானிப்பதில் என்ன பிழை?

வரைபடத்தை இத்துடன் அனுப்புகிறேன். பின்பக்கத்து இடது மூலையில் அதை அமைக்கலாம். தனித் தண்ணீர்த் தாங்கி, தனிக் குழாய். இரண்டுக்கும் இடையில் எந்தத் தொடுப்பும் வைக்கவில்லை. ஒன்றில் அழுக்குப் பட்டாலும் மற்றதற்குப் போகாது. கட்டுகஸ்தோட்டையில் ஸெய்னுலாப்தீனின் கராஜில் வேலையைச் செய்து முடிக்கலாம். சங்கத்துப் பெண்கள் சிலர் ஞாயிற்றுக்கிழமைகளில் மேலே வந்து உனக்கு ஒத்தாசை செய்யவும் ஆயத்தமாக இருக்கிறார்கள். வசதி இருந்தால்தானே அவர்களை வா என்று கூப்பிடலாம்.

சங்கத்தின் செயலாளர் என்ற முறையில் நான் தீர்மானத்தை எழுதினேன். உன் அண்ணன் என்ற முறையில் இதை எழுதுகிறேன். யோசித்துப் பதில் போடு.

அன்புடன்,
அண்ணா அம்பிகைபாகன்


பன்வில
10.4.1983

அண்ணா,

வரைபடம் கிடைத்தது. உங்கள் கோடுகள் எப்போதும்போல நேராக இருக்கின்றன.

நீங்கள் குளியலறை கீறியிருக்கும் இடத்தில் இப்போது ஒரு கட்டில் இருக்கிறது. பிள்ளைப்பேற்றுக் கட்டில். போன மாதம் சீதா என்ற கொழுந்தெடுக்கும் பெண் அதில்தான் பெற்றாள். பிள்ளை குறுக்கே கிடந்தது. லயத்துக் காம்பராவில் பெற்றிருந்தால் இரண்டு உயிரும் போயிருக்கும். அந்தக் கட்டில் எங்கே போகும் என்று உங்கள் வரைபடத்தில் தேடிப் பார்த்தேன். காணவில்லை.

சுகாதாரம் என்று தீர்மானத்தில் எழுதியிருக்கிறீர்கள். கூட்டத்தில் அந்தச் சொல்லை ஒருவரும் சொல்லவில்லை. முன்வரிசையில் இருந்த ஒரு அம்மா, “கூலிச் சனம் குந்தின இடத்தில நாங்கள் எப்பிடி இருக்கிறது?” என்று கேட்டார். ஒருவரும் அவரை மறுக்கவில்லை. மச்சாள் தலையாட்டினார். நீங்கள் பேனையைத் திறந்து ‘சுகாதாரக் காரணங்களை முன்னிட்டு’ என்று எழுதினீர்கள். செல்லச்சாமி வாசலில் நின்று எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தான். என்னை பஸ்ஸில் ஏற்றிவிட வந்தபோது நான் அவனிடம் மன்னிப்புக் கேட்கப் போனேன். “அது கெடக்கட்டும் டாக்டரம்மா, பழகிப்போச்சு” என்று பையை வாங்கி உள்ளே வைத்தான். அன்றைக்கு உங்கள் வீட்டுப் புட்டு எனக்கு இறங்கியிருக்காது.

இங்கே லயத்தில் கக்கூஸ் இல்லை. பெண்கள் வெளிச்சம் வருவதற்கு முன் ஓடைக்கரைக்குப் போய் வருகிறார்கள். மழைக்காலத்தில் அட்டைக்கடியோடு திரும்புகிறார்கள். உட்பக்கம் கொண்டி போட்ட கக்கூஸில் முதல் தடவையாக இருந்தது நம் பஸ்ஸில்தான் என்று சில பெண்கள் என்னிடம் சொல்லியிருக்கிறார்கள். அவர்கள் உள்ளே போனால் கொஞ்சம் நேரம் எடுக்கும். நான் வெளியே காத்து நிற்கிறேன். எனக்கு ஒன்றும் ஆகிவிடவில்லை.

இரண்டாவது குளியலறை வேண்டாம். கட்டில் இருக்கட்டும்.

பத்மாதேவி


கண்டி
29.4.1983

அன்புள்ள தேவிக்கு,

உனக்கு ஒன்றும் ஆகவில்லை. சரி. திரேசாவுக்கு என்ன ஆனது? போன ஆவணியில் அந்தப் பிள்ளை டைபாயிட் நெருப்புக்காய்ச்சலில் கிடந்து பிழைத்ததை மறந்துவிட்டாயா? அதன் தாய் என் வீட்டுக் கதிரையில் இருந்து அழுதபோது பதில் சொன்னது நீயல்ல, நான். ஓடைத் தண்ணீரால் வந்தது என்று நீ சொல்வாய். இருக்கலாம். ஆனால் இன்னொரு பிள்ளைக்கு வந்தால் அந்தத் தாய்க்கும் நான் ஓடையைக் காட்டிக்கொண்டிருக்க முடியாது.

யார் மனதில் எது இருந்தது என்று நீ தோண்டுகிறாய். மனதைத் திருத்தும்வரை காத்திருந்தால் ஒரு பஸ்ஸும் ஓடாது. இந்தச் சங்கத்தில் உள்ளவர்கள் எப்படிப்பட்டவர்களோ, அவர்களை வைத்துத்தான் இந்த பஸ் உண்டானது. நீ தோட்டத்துக்குப் போகப்போகிறேன் என்று நின்றபோது ஊரில் உள்ளவர்கள் எல்லோரும் என்னைத்தான் கேட்டார்கள், படித்த தங்கச்சியை ஏன் இப்படி விட்டாய் என்று. அப்போது நான் உன் பக்கம் நின்றேன். அதை நீ ஒரு நாளும் நினைத்துப் பார்த்ததில்லை.

தீர்மானம் நிறைவேறிவிட்டது. ஜூன் முதற்கிழமையில் செல்லச்சாமி பஸ்ஸைக் கராஜுக்குக் கொண்டுவருவான். கட்டிலைத் தோட்டத்து டிஸ்பென்சரியில் போட்டுக்கொள்ள அனுமதி தரும்படி தோட்டத்துரைக்கு எழுதியிருக்கிறேன்.

அண்ணா


பன்வில
24.6.1983

அண்ணா,

டிஸ்பென்சரியில் கட்டில் போட்டாயிற்று. ஆனால் டிஸ்பென்சரி எழுந்து தோட்டத்தின் கீழ்ப்பிரிவுக்குப் போகாது. போன புதன்கிழமை கீழ்ப்பிரிவுப் பெண் ஒருத்தி இங்கே வரும் வழியில் கொழுந்து லொறிக்குள் பெற்றாள். தாயும் பிள்ளையும் சுகம். அதை எழுதாவிட்டால் நான் எதையோ மறைக்கிறேன் என்பீர்கள்.

செல்லச்சாமி நேற்று வந்து போனான். பகலில் கராஜிலேயே நின்று வேலைக்குக் கைகொடுக்கிறானாம். புதுக் குளியலறைக்குக் கதவு பூட்டியாகிவிட்டது, தாங்கியும் வந்துவிட்டது என்றான். பூட்டும் வந்துவிட்டதாம். திறப்பு உங்கள் வீட்டில் மச்சாளிடம் இருக்கிறதாம். பெண்கள் ஞாயிற்றுக்கிழமை மேலே வரும்போது கொண்டுவருவார்களாம்.

மருந்து அலுமாரிக்கு நான் இரண்டு வருஷமாகப் பூட்டுக் கேட்டுக்கொண்டிருக்கிறேன்.

பஸ்ஸை எப்போது திருப்பி அனுப்புவீர்கள் என்று மட்டும் எழுதுங்கள்.

பத்மாதேவி


பன்வில
1.8.1983

அண்ணா,

தபால் இல்லை. தொலைபேசியும் வேலை செய்யவில்லை. கண்டிக்கு மரக்கறி ஏற்றிப் போகும் ஒரு சிங்கள மனிதர் இதைக் கொண்டுபோய்ப் பார்ப்பதாகச் சொல்கிறார். கலவரத்தில் உங்கள் தெரு எரிந்தது என்று கேள்விப்பட்டேன். நீங்கள், மச்சாள், உங்கள் பெட்டைப் பிள்ளைகள் இருவரும் எங்கே இருக்கிறீர்கள்? ஸெய்னுலாப்தீன் நானாவின் கராஜில் கேட்டுப் பார்க்கும்படி சொல்லியிருக்கிறேன். செல்லச்சாமியைப் பற்றியும் ஒரு சேதியும் இல்லை.

இங்கே துரை வாசலில் நின்று, தீ வைக்க வந்தவர்களைத் திருப்பி அனுப்பிவிட்டார். நான் சுகமாக இருக்கிறேன். நாம் எழுதிக்கொண்டதெல்லாம் போகட்டும். ஒரு வரி எழுதுங்கள், போதும்.

தேவி


கண்டி, அகதி முகாம்
8.8.1983

அன்புள்ள தேவிக்கு,

உன் துண்டு கைக்குக் கிடைத்தது. நாங்கள் நால்வரும் உயிரோடு இருக்கிறோம். வீடு இல்லை. கூரை உள்ளே விழுந்துவிட்டது. நீ பரிசு வாங்கிய கிண்ணங்கள், அப்பாவின் படம், ஒன்றும் மிஞ்சவில்லை.

செல்லச்சாமி வந்து சொன்னபடியால்தான் தப்பினோம். கடைவீதியில் தீ வைத்துவிட்டார்கள், உடனே புறப்படுங்கள் என்று அவன் ஓடிவந்து நின்றான். அவன் பின்னால் ஒழுங்கைகளால் போய்க் கராஜுக்குள் புகுந்தோம். உன் மச்சாள் நகைப்பெட்டியை விட்டுவிட்டுக் கைப்பையை மட்டும்தான் எடுத்தாள். ஸெய்னுலாப்தீன் எங்களை பஸ்ஸுக்குள் ஏற்றிவிட்டு, வெளிப்படலையை இழுத்துப் பூட்டி, படலைக்கு முன்னால் கதிரை போட்டு இருந்துகொண்டார். வந்து கேட்டவர்களிடம் உள்ளே தன் வாகனங்கள்தான் நிற்கின்றன என்று சொல்லித் திருப்பினார். அவருடைய மனைவி ருக்கியா சோறு சமைத்து அனுப்பினார். அந்தக் குடும்பத்துக்கு நாங்கள் எந்தப் பிறப்பில் கைம்மாறு செய்யப்போகிறோமோ தெரியாது.

பொழுதுபட முதல் செல்லச்சாமி திரும்பவும் வெளியே போய்த் தன் மனைவி பாலாம்பிகையையும் பிள்ளைகளையும் அவர்களுடைய லயத்துச் சனம் கொஞ்சத்தையும் கூட்டிவந்தான். நகரசுத்தித் தொழிலாளர் குடும்பங்கள். பஸ் நிரம்பிவிட்டது. அன்றிரவும் மறுநாளும் அதற்கு மறுநாளும் அதற்குள்ளேயே இருந்தோம். நெருக்கடியில்தான் எதனுடைய அருமையும் தெரிகிறது. அந்த இரண்டாவது குளியலறை மட்டும் இல்லாதிருந்தால், வயதுவந்த இரண்டு பெட்டைகளையும் வைத்துக்கொண்டு நாங்கள் என்ன பாடு பட்டிருப்போமோ என்று நினைக்கிறேன். குத்திக்காட்ட எழுதவில்லை. நடந்ததைச் சொல்கிறேன்.

செல்லச்சாமி இறந்துவிட்டான். மூன்றாம் நாள் காலை, வெளியே போகவேண்டாம் என்று ஸெய்னுலாப்தீன் சொல்லியும் கேளாமல் ஆற்றுப் பக்கம் போனான். அங்கே நின்றவர்கள் அடித்துவிட்டார்கள். நல்ல மனிதன். அவனுடைய விதி அப்படி.

யாழ்ப்பாணம் போகிறவர்களின் பெயரைப் பதிகிறார்கள். உன் பெயரையும் சேர்த்துப் பதியட்டுமா? இனி இங்கே என்ன இருக்கிறது? வந்துவிடு, தேவி.

அண்ணா


பன்வில
5.9.1983

அண்ணா,

என் பெயரைப் பதியவேண்டாம் என்று சொல்லி அனுப்பியதற்குக் காரணம் கேட்டீர்களாம். அப்போது சொல்லக் காரணம் இருக்கவில்லை, மனம் வரவில்லை, அவ்வளவுதான். இப்போது இருக்கிறது.

போன கிழமை கட்டுகஸ்தோட்டைக்குப் போனேன். செல்லச்சாமி ஏன் ஆற்றுக்குப் போனான் என்று நீங்கள் எழுதவில்லை. நான் ஸெய்னுலாப்தீன் நானாவிடம் கேட்டேன். அவர் முதலில் பேச்சை மாற்றினார். தேத்தண்ணீர் வரவழைத்தார். நான் எழும்பவில்லை. கடைசியில் சொன்னார்.

முதல் நாளே பழைய குளியலறையின் தாங்கி வற்றிவிட்டதாம். அத்தனை பேர், கைக்குழந்தைகள். மறுநாள் அது அடைத்துக்கொண்டதாம். டவுன் தண்ணீரும் நின்றுபோனது. பிள்ளைகளுக்கு வயிற்றோட்டம். நாற்றம் பொறுக்காமல் சனம் பஸ்ஸை விட்டு இறங்கி முற்றத்துக்குப் போகத் தொடங்கியது. முற்றத்தில் ஆள் நடமாடினால் எதிர்வீட்டு மாடிக்குத் தெரியும். அதனால் செல்லச்சாமி இரண்டு வாளியை எடுத்துக்கொண்டு புதுக் குளியலறை வாசலுக்கு வந்தான். அந்தத் தாங்கியை நிரப்பி வைத்தது அவன்தான். அதில் எவ்வளவு தண்ணீர் இருக்கிறது என்று அவனுக்குத் தெரியும்.

நானா சொன்னதை அப்படியே எழுதுகிறேன். “திறப்பு ஒங்கட மச்சாள்ட கையில இரிந்திச்சு தங்கச்சி. செல்லச்சாமி கெஞ்சல்ல, சும்மா கேட்டான். நான் குறுக்க பேசியிருக்கணும். ஒங்கட குடும்பத்து விசயம்னு வாய மூடிக்கிட்டேன்.”

மச்சாள் சொன்ன பதிலைப் பாலாம்பிகை எனக்குச் சொன்னாள். அவள் யாழ்ப்பாணப் பேச்சைப் பேசிக்காட்டியபோது எனக்கு மச்சாளின் குரலே கேட்டது. “இது எங்களுக்குக் குடிக்கவும் வேணும். பெட்டையள் இருக்கினம். உங்கட பக்கத்தில இருந்ததை நீங்கள் பாத்துப் பாவிச்சிருக்கவேணும்.” செல்லச்சாமி சரிங்கம்மா என்று சொல்லிவிட்டு வாளிகளோடு இறங்கிப் போனான். மகாவலிக்கரையில் ஒரு வாளியை நிரப்பி வைத்துவிட்டு மற்றதைத் தண்ணீரில் அமிழ்த்திக்கொண்டிருந்தபோது வந்து அடித்தார்கள்.

நீங்கள் நால்வர். அவர்கள் இருபதுக்கு மேல். நீங்கள் முகாமுக்குப் போன பிறகு நானா அந்தத் தாங்கியைத் தட்டிப் பார்த்தாராம். அரைவாசிக்கு மேல் தண்ணீர் இருந்ததாம்.

மச்சாளைப் பற்றி நான் எழுத வரவில்லை. அவரை எனக்குத் தெரியும். செல்லச்சாமி கேட்டபோது நீங்கள் அந்தக் கதவுக்கு எதிரே இருந்து பழைய பத்திரிகை ஒன்றை வாசித்துக்கொண்டிருந்தீர்களாம். நீங்கள் என்ன சொன்னீர்கள் அண்ணா? அதை எழுதுங்கள்.

தேவி


யாழ்ப்பாணம்
27.9.1983

தேவிக்கு,

நீ அங்கே இருக்கவில்லை. படலைக்கு வெளியே சத்தம் கேட்கும்போது உன் இரண்டு பெட்டைகளின் வாயையும் உன் கையால் பொத்திப் பிடித்ததில்லை. எத்தனை நாள் அதற்குள் கிடக்கவேண்டி வரும் என்று எங்களில் ஒருவருக்கும் தெரியாது. ஒரு தாங்கி முடிந்தது, மற்றதும் முடிந்தால் என்ன செய்வது என்று ஒரு தாய் பயந்தாள். அதற்காக நீ அவளைக் கொலைகாரி ஆக்குகிறாய். திறப்பைக் கொடுக்காதவர்கள் யார், அடித்தவர்கள் யார் என்று பார். அடித்தவர்களைப் பற்றி உன் கடிதத்தில் ஒரு வரி இருக்கிறது. எங்களைப் பற்றி ஒரு பக்கம்.

நான் என்ன சொன்னேன் என்று கேட்கிறாய். அவன் ருக்கியாவிடம் தண்ணீர் கேட்கப் போகிறான் என்றுதான் நினைத்தேன். ஆற்றுக்குப் போவான் என்று நினைக்கவில்லை.

நீ பெரிய நியாயம் பேசுகிறாய். இரண்டு வருஷமாக நீ எங்கே குளிக்கிறாய்? பஸ்ஸிலா? டிஸ்பென்சரிக் குவாட்டர்ஸில் உனக்கென்று சவர்க்காரமும் துவாயும் இருப்பது எனக்குத் தெரியும். திரேசா உன் மச்சாளிடம் சொல்லியிருக்கிறாள். நீ நேரே நடந்துபோய் எடுத்துக்கொண்டதை நாங்கள் தீர்மானம் போட்டுக் கேட்டோம். வித்தியாசம் அவ்வளவுதான்.

இங்கே உன் மச்சாளின் தமையன் வீட்டில் இருக்கிறோம். வந்த மறுநாளே உள்ளே இருக்கும் குளியலறை வீட்டுக்காரருக்கு மட்டும் என்று தெரிந்துவிட்டது. எங்களுக்குக் கிணற்றடிக்கு அப்பால் வேலைக்காரர் பாவிக்கும் மலசலகூடத்தைக் காட்டினார்கள். பெட்டைகள் அரிக்கன் லாம்பு எடுத்துக்கொண்டு போகிறார்கள். உன் மச்சாள் அங்கே போவதற்குப் பயந்து பின்னேரத்துக்குப் பிறகு தண்ணீர் குடிப்பதில்லை. நீ கேட்டுச் சந்தோஷப்படலாம்.

அம்பிகைபாகன்


பன்வில
19.2.1984

அண்ணா,

உங்கள் கடிதத்துக்கு நாலைந்து மாதமாகப் பதில் எழுதவில்லை. எழுதிய இரண்டையும் கிழித்துப்போட்டேன்.

மச்சாள் தண்ணீர் குடிக்காமல் இருப்பதைக் கேட்டு எனக்குச் சந்தோஷம் வரவில்லை. சிறுநீரில் கிருமி பிடிக்கும். பகலில் நிறையக் குடிக்கச் சொல்லுங்கள். டிஸ்பென்சரியில் நான் குளிப்பது உண்மை. இப்போதும் அங்கேதான் குளிக்கிறேன்.

பஸ் கார்த்திகையில் திரும்பி வந்தது. சங்கத்தில் பாதிப் பேர் லண்டனுக்கும் கொழும்புக்கும் போய்விட்டார்கள். மற்றவர்கள் கூட்டத்துக்கு வருவதில்லை. அனுப்புவதற்கு முன் ஸெய்னுலாப்தீன் நானா ஆள் விட்டு, இரண்டாவது குளியலறையைக் கழற்றிவிடட்டுமா என்று கேட்டார். கழற்றச் சொல்லத்தான் நினைத்தேன். ஆனால் மாத்தளைப் பக்கத்திலிருந்து எரிந்த லயங்களை விட்டு வந்த குடும்பங்கள் இங்கே கொழுந்து நிறுக்கும் மடுவத்தில் நிறையக் கிடக்கின்றன. பஸ் போய் நின்றால் காலையில் பெண்கள் வரிசையில் நிற்கிறார்கள். இருக்கட்டும் என்று சொல்லிவிட்டேன். பூட்டைக் கழற்றி, இரண்டு தாங்கியையும் ஒரு குழாயால் தொடுத்து அனுப்பினார். கட்டில் டிஸ்பென்சரியில்தான் இருக்கிறது. ஆக, நான் வேண்டாம் என்றது இருக்கிறது. வேண்டும் என்றது இல்லை. அதில் எனக்கு வெற்றியும் இல்லை, உங்களுக்கும் இல்லை.

பாலாம்பிகை பிள்ளைகளோடு இந்தியாவுக்குப் போய்விட்டாள். கடவுச்சீட்டு எப்போதோ வந்திருந்தது. செல்லச்சாமிதான் கண்டியை விட்டு வரமாட்டேன் என்று நாளைக் கடத்திக்கொண்டிருந்தான். தலைமன்னார் ரயிலில் ஏற்றிவிட நான் கண்டி ஸ்டேஷனுக்குப் போனேன். அவளைப்போலப் போகிறவர்கள் மேடை முழுக்க நின்றார்கள். அழுகைச் சத்தத்தில் பக்கத்தில் நிற்பவர் பேசுவதும் கேட்கவில்லை. அவள் அழவில்லை. பிள்ளைகளை உள்ளே இருத்திவிட்டு யன்னலுக்கு வந்தாள். அண்ணாவுக்கு எழுதுவேன், ஏதாவது சொல்லவேண்டுமா என்று கேட்டேன். நான் கேட்டிருக்கக்கூடாது. அவள் திட்டுவாள், அதை உங்களுக்கு எழுதலாம் என்று ஒரு ஆசை எனக்கு இருந்தது.

அவள் திட்டவில்லை. நானாவும் அவருடைய தம்பியும் அன்று பின்னேரம் ஆற்றங்கரையிலிருந்து செல்லச்சாமியைச் சாக்கில் சுற்றித் தூக்கிவந்து கராஜ் சீமெந்தில் கிடத்தினார்களாம். உடம்பெல்லாம் சேறாக இருந்ததாம். நீங்கள் எழும்பி மச்சாளிடம் கையை நீட்டினீர்களாம். மச்சாள் திறப்பைத் தந்தாராம். நீங்களே உள்ளே போய் வாளிக்குத் தண்ணீர் பிடித்துக் கொண்டுவந்து அவள் பக்கத்தில் வைத்துவிட்டுப் போனீர்களாம். இதை நீங்கள் எனக்கு எழுதவில்லை. நானாவும் சொல்லவில்லை.

“ஐயாகிட்ட சொல்லுங்க டாக்டரம்மா,” என்றாள். “அந்தத் தண்ணியிலதான் நான் அவரக் கழுவினேன். ரெண்டு வாளி போதும்னு சொன்னேன், ஐயா மூணாவதும் கொண்டாந்து வச்சாங்க.”

ரயில் புறப்பட்டுவிட்டது. அவள் அதை நன்றியாகச் சொன்னாளா, வேறு விதமாகச் சொன்னாளா என்று எனக்குத் தெரியவில்லை. உங்களுக்குத் தெரிந்தால் வைத்துக்கொள்ளுங்கள். எனக்கு எழுதவேண்டாம்.

பத்மாதேவி